நாலரை லட்சத்துக்குள் முதல் பைக்: கொழும்பில் எங்கிருந்து தொடங்குறது?

வெள்ளவத்தை_புதுசு:
வீடு வெள்ளவத்தை, வேலை கொள்ளுப்பிட்டி. 100, 101 பஸ்ஸில தொங்கி அலுத்துப் போச்சு. கையில நாலரை லட்சம் இருக்கு. லைசன் இன்னும் எடுக்கல்ல, சைக்கிள் ஓடத் தெரியும். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். ஸ்கூட்டியா, கியர் பைக்கா? லீசிங் போட்டுப் புதுசு எடுக்கிறதா, செக்கண்ட் ஹேண்ட் தேடுறதா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

பழைய_ரைடர்:
முதலில் லைசன், பிறகுதான் வண்டி. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, வாங்கிய வண்டியை மாதக்கணக்கில் கேற்றுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வரிசை இதுதான். நுகேகொடையில் உள்ள தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ். அதன் பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பம், எழுத்துப் பரீட்சை. பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். தேறினால் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். மூன்று மாதம் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் பரீட்சை. அந்த மூன்று மாதமும் முன்னும் பின்னும் எல் போர்ட் தெரிய வேண்டும், பின் சீற்றில் தோழியை ஏற்றக் கூடாது.

வகுப்பைக் கவனியுங்கள். ஏ1 என்பது 100 சிசி வரைக்கும்தான். ஹொண்டா டியோ ஸ்கூட்டி 109 சிசி. பெயரில் 100 என்று போட்டிருந்தாலும் இப்போது ஓடும் பஜாஜ் பிளாட்டினா கியர் பைக்குகளில் பெரும்பாலானவற்றின் எஞ்சின் 102 சிசி. ஆகவே ஏ வகுப்புக்கே விண்ணப்பியுங்கள். ஏ1 எடுத்துவிட்டு டியோ ஓடினால், விபத்து நடந்த அன்று காப்புறுதிக்காரர் முதலில் தூக்கிப் பார்ப்பது அந்த அட்டையைத்தான்.

செயின்லூப்:
காசை முதல்ல பிரியுங்கோ தங்கச்சி. நாலரை லட்சம் கையில இருக்கெண்டால் வண்டிக்கு மூன்று அறுபதுக்கு மேல போகாதேங்கோ. மிச்சம் தொண்ணூறாயிரத்தில பாதி, வாங்கினவுடன செய்ய வேண்டிய வேலைகளுக்கு: டயர், பிரேக் ஷூ, பெல்ட் அல்லது செயின் செற், ஒயில், பற்றரி. கால்வாசி ஹெல்மட், கையுறை, மழைக்கோட்டு. மீதி பேர் மாற்றம், காப்புறுதி, லைசன் செலவு. முழுக்காசையும் வண்டியில போட்டிட்டு மொட்டை டயரோட காலி வீதியில இறங்கிற ஆக்கள்தான் கனபேர்.

ஸ்கூட்டியா கியரா எண்டால், உங்கட உயரத்துக்கும் பாதைக்கும் ஸ்கூட்டி. டியோவின்ர சீற் உயரம் 765 மி.மீ., பாரம் 105 கிலோவுக்குக் கிட்ட. இரண்டு காலும் நிலத்தில நல்லா ஊன்றும். பிளாட்டினாவின்ர சீற் 800 மி.மீ. தாண்டும், நீங்கள் நுனிக்காலில நிக்க வேண்டி வரும். நெரிசலில நிமிஷத்துக்கு ஒருக்கா நிறுத்தி எடுக்கேக்க அது பெரிய வித்தியாசம்.

ஸ்கூட்டியின்ர குறையையும் சொல்ல வேணும். பழைய டியோவுக்கு இரண்டு சில்லும் 10 அங்குலம். 17 அங்குலச் சில்லு மேலால உருண்டு போற குழிக்குள்ள இது விழுந்து எழும்பும். பெற்றோல் தாங்கி ஐந்து லீற்றர் சொச்சம்தான், பிளாட்டினாவுக்கு 11. நெரிசலில டியோ லீற்றருக்கு நாற்பதை ஒட்டி ஓடும், பிளாட்டினா அறுபதைத் தொடும். வெள்ளவத்தை–கொள்ளுப்பிட்டி தூரத்துக்கு அந்த மிச்சம் பெரிசில்ல. நாளுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் ஓடுற ஆளெண்டால் என்ர பதில் வேற.

கொட்டாஞ்சேனை_150:
ஸ்கூட்டி எல்லாம் மார்க்கெட்டுக்குப் போக. கொஞ்சம் பழசா பல்சர் 150 ஒன்றைப் பிடிச்சா வாழ்க்கை முழுக்க ஓடலாம். கியரில பழகினா எதையும் ஓடலாம், ஸ்கூட்டியில பழகினா ஸ்கூட்டி மட்டும்தான்.

தெஹிவளை_அக்கா:
தம்பி, கேட்டது யார், எந்த உயரம், எங்க போறாங்க என்று வாசிச்சீங்களா? பல்சர் 140 கிலோவைத் தாண்டும். மெதுவா திரும்பும்போது சாஞ்சா புதுசா ஓடுற பிள்ளையால பிடிக்க ஏலாது. அந்தக் காசுக்குக் கிடைக்கிற 150, யாரோ நல்லா இழுத்து ஓடி முடிச்சதாத்தான் இருக்கும்.

கியர் பழகினா நல்லது என்கிறதை ஒத்துக்கொள்றேன். அதுக்கு ட்ரெய்னிங் ஸ்கூல் வண்டி இருக்குது. கிளச்சைப் பாதி விட்டு, அக்சிலேற்றர் தொடாம வண்டியை நகர்த்துற பாடத்தை அதில படிங்க. சொந்தக் காசை ஸ்கூட்டியில போடுங்க.

கொட்டாஞ்சேனை_150:
சரி சரி, உயரத்தைக் கவனிக்கல்ல. ஆனா ஒன்று: டியோவுக்கு எல்லாரும் அடிபடுறதால விலை ஊதிக் கிடக்கு. 2020 மார்ச்சில இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியிலதானே திரும்பத் திறந்தாங்க. அந்த இடைவெளியில ஏறின விலை இன்னும் முழுசா இறங்கல்ல. டிவிஎஸ் வீகோ, யமஹா ரே இதுகளையும் பாருங்க. அதே வருஷ வண்டி, விலை குறைய.

செயின்லூப்:
அது ஞாயமான கதை. வீகோவுக்கு இரண்டு சில்லும் 12 அங்குலம், எங்கட ரோட்டுக்கு அது வசதி. ஒரு நிபந்தனை: எந்த மொடலெண்டாலும் வாங்க முதல் உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில நாலு கடையில அதுக்குரிய பெல்ட், பிரேக் ஷூ, கேபிள் விலை கேளுங்கோ. மூன்று கடையில "ஓடர் பண்ணித்தான் எடுக்க வேணும்" எண்டால் அந்த மொடலை விடுங்கோ.

லீசிங் பற்றி யாரும் சொல்லேல்ல. கட்டி முடியும்வரை பதிவுச் சான்றிதழில முழு உரிமையாளர் எண்ட இடத்தில நிதி நிறுவனத்தின்ர பேர்தான் இருக்கும். முழுக் காப்புறுதியும் கேப்பாங்கள். தவணை, வட்டி, காப்புறுதி மூன்றையும் கூட்டி ஒரு தாளில எழுதிப் பாருங்கோ. முதல் வண்டி எப்பிடியும் ஒருக்காலாவது கீழ விழும். கீறல் விழுந்தால் வயிறு எரியாத வண்டியில பழகிறது புத்தி.

வெள்ளவத்தை_புதுசு:
விளம்பரத்தில 2015 டியோ ஒன்று பார்த்தேன். "18,000 கிமீ மட்டும், பெண் ஓட்டியது" என்று போட்டிருக்கு. சனிக்கிழமை பார்க்கப் போறேன். என்னத்தைப் பார்க்கணும்?

செயின்லூப்:
"பெண் ஓட்டியது" எண்டது வண்டியில எங்கயும் பதிஞ்சிருக்காது. பதிஞ்சிருக்கிறதைப் பாப்பம்.

போக முதல் போனில ஒண்டு சொல்லுங்கோ: நான் வரும்வரைக்கும் ஸ்ராட் பண்ண வேண்டாம். போனவுடன எஞ்சினுக்குக் கிட்ட கையை வையுங்கோ. சூடாயிருந்தால் குளிரில ஸ்ராட் ஆகாத வருத்தத்தை மறைக்கிறாங்கள் எண்டு சந்தேகப்படலாம். ஆறினாப் பிறகு திரும்ப வாறன் எண்டு சொல்லிப் போட்டு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. முதல் ஸ்ராட்டை செல்பிலயும் பிறகு கிக்கிலயும் பாருங்கோ. செல்ப் இழுக்காமல் "டிக் டிக்" எண்டால் பெரும்பாலும் பற்றரி. அது சின்னச் செலவு, விலையில கழியுங்கோ.

புகை: ஸ்ராட் பண்ணின கையோட நீலப்புகை ஒரு பஃப் வந்து நிண்டால் வால்வ் சீல். அக்சிலேற்றர் கொடுக்கக் கொடுக்க நீலம் வந்தால் ரிங், சிலிண்டர் வேலை. அது எஞ்சின் பிரிக்கிற செலவு, விட்டிட்டு வாங்கோ. கறுப்புப்புகை எண்டால் பெற்றோல் கூடப் போகுது. எயர் ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்லாட்டி காபரேற்றர் வேலை. இது பயப்பிட ஒண்டுமில்ல, ஆனால் இந்த நிலையில புகைப் பரிசோதனை பாஸாகாது.

பெரிய ஸ்ராண்டில ஏத்தி, பின்னால ஒராளை அமத்தச் சொல்லி முன் சில்லைத் தூக்குங்கோ. ஹாண்டிலை ஒரு பக்கத்திலயிருந்து மற்றப் பக்கத்துக்கு மெதுவாத் திருப்பேக்க நடுவில "டக்" எண்டு ஒரு பள்ளத்தில விழுற மாதிரி இருந்தால் கோன் செற் (ஹாண்டில் திரும்பிற பெயரிங்) தேஞ்சு போச்சு. முன் ஃபோர்க்கின்ர அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கோ, லூஸும் இருக்கக் கூடாது. பின் சில்லைப் பக்கவாட்டில ஆட்டேக்க ஆட்டம் இருந்தால் பெயரிங் அல்லது எஞ்சின் தாங்கிற புஷ்.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்கிறது: ஹாண்டில் நேராப் பிடிச்சால் முன் சில்லும் நேராப் பாக்க வேணும். பிரேக் லீவர் நுனி, கண்ணாடி அடி, சைலன்சர் ஓரம், கால் வைக்கிற தட்டின்ர ஓரப் பிளாஸ்ரிக் எல்லாத்திலயும் ஒரே பக்கக் கீறல் இருந்தால் விழுந்திருக்கு. விழுந்தது பிழையில்ல. ஹாண்டிலை முழுக்கத் திருப்பி, தலைப்பகுதியில சட்டத்தோட முட்டுற இரும்பைப் பாருங்கோ. அது நசுங்கியிருந்தால் இல்லாட்டி புதுசா ஒட்டியிருந்தால் முன்னால பலமா இடிச்சிருக்கு.

18,000 பொய்யோ மெய்யோ எண்டது ரப்பரில தெரியும். கைப்பிடி ரப்பர் வழுவழுப்பு, கிக் பெடலில பல் இல்ல, சீற் தொங்குது, மீற்றர் மட்டும் 18,000 எண்டால் மீற்றர் கேபிள் கனகாலம் கழண்டு கிடந்திருக்கு. பின் கரியரில புதுசா நாலு துளை, சுத்திப் பெயின்ற் உரிஞ்சிருந்தால் உணவு டெலிவரிப் பெட்டி கட்டி ஓடியிருக்கலாம். அதுகள் நாளுக்கு நூறு கிலோமீற்றர் ஓடுறது சாதாரணம்.

ஓடிப் பாக்கேக்க (லைசன் உள்ள ஆளைக் கூட்டிப் போங்கோ): வெளிக்கிடேக்க உடம்பு நடுங்கினால் கிளச் ஷூ தேய்வு. எஞ்சின் கத்துது, வேகம் ஏறேல்ல எண்டால் பெல்ட் தேஞ்சிட்டுது. ஒட்டுமொத்தமா 20,000 தாண்டின வண்டியில பெல்ட் எப்ப மாத்தினது எண்டு கேளுங்கோ. பதில் இல்லையெண்டால் மாத்திற செலவை விலையில கழிச்சுப் பேசுங்கோ. பெல்ட் அறுந்தால் எஞ்சின் ஓடும், வண்டி அசையாது. பம்பலப்பிட்டிச் சந்தியில தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கடைசியா டயர். ஓரத்தில நாலு இலக்கம் இருக்கும். 2319 எண்டால் 2019 இன் 23 ஆவது கிழமை செய்தது. டயரில பூ (வெட்டு) நிறைய இருந்தாலும் ஆறு, ஏழு வருஷம் போன ரப்பர் இறுகிப் போயிடும், ஈரத்தில பிடிக்காது.

பழைய_ரைடர்:
வண்டியைப் பார்த்த அதே கவனத்தோடு பேப்பரையும் பாருங்கள். சீஆர் புத்தகத்தில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் குத்தியிருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாகப் பொருந்த வேண்டும். சுரண்டியது போல, மேலே பெயின்ற் பூசியது போல இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். முழு உரிமையாளர் இடத்தில் நிதி நிறுவனம் இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயர் நீக்கப்படும்வரை காசு கொடுக்காதீர்கள். "அடுத்த கிழமை கிளியர் பண்ணித் தாறேன்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

நம் ஊரில் பெரிய நோய், ஓபன் பேப்பர். உரிமையாளர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்து, அது மூன்று நான்கு கை மாறி வந்திருக்கும். விற்பவர் சீஆரில் உள்ள ஆளே இல்லையென்றால் வேண்டாம். இடையில் யாராவது நாட்டை விட்டுப் போயிருந்தால், திணைக்களம் அவர் கையெழுத்தை மறுபடி கேட்கும் நாளில் நீங்கள் அந்தரப்படுவீர்கள். பெயர் மாற்றத்துக்கு எம்டிஏ 6 படிவம், விற்றவர் அறிவிப்பதற்கு எம்டிஏ 8 படிவம். இரண்டுக்கும் 14 நாள். வாங்கிய திகதியோடு நேரத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள், அடையாள அட்டைப் பிரதிகளை இணையுங்கள். காலையில் அந்த வண்டி செய்த குற்றத்துக்கு மாலையில் உங்கள் வீட்டுக்குப் பொலிஸ் வராமலிருக்க அந்த நேரம் உதவும்.

வருடா வருடம் புதுப்பிக்கும் வருமான அனுமதிப்பத்திரம் எப்போது முடிகிறது என்பதையும் பாருங்கள். புதுப்பிக்கப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் தேவை. இரண்டு வருடம் புதுப்பிக்காத வண்டி என்றால் நிலுவையும் தண்டமும் உங்கள் தலையில்.

தெஹிவளை_அக்கா:
ஹெல்மட் பற்றி நான் சொல்றேன். முகம் முழுக்க மூடுறது எடுங்க, அரைச் சட்டி வேண்டாம். விழுந்தா தாடையும் அடிக்கடி தரையில படும். எஸ்எல்எஸ் 517 என்ற இலங்கைத் தர முத்திரை, இல்லாட்டி ஈசீஈ என்ற ஐரோப்பிய முத்திரை பாருங்க. போட்டுட்டுக் கன்னம் இரண்டையும் நல்லா அமுக்கணும். தலையை ஆட்டும்போது ஹெல்மட் தனியா ஆடக் கூடாது. பட்டி கட்டினதும் தாடைக்கு அடியில இரண்டு விரல் இடைவெளி. பிறகு பின்னாலிருந்து யாரையாவது மேல தூக்கச் சொல்லுங்க, கழன்று வந்தா சைஸ் பிழை. முடியைக் கொண்டையா உச்சியில கட்டிட்டு அளவு பார்க்காதீங்க, பின்னிப் பார்த்து வாங்குங்க. கறுப்புக் கண்ணாடி வைசர் இரவில ஆபத்து. செக்கண்ட் ஹேண்ட் ஹெல்மட் எந்த விலைக்கும் வேண்டாம். உள்ளே இருக்கிற ஃபோம் ஒரு அடி வாங்கினதும் நசுங்கிடும், வெளியில தெரியாது.

ஜாக்கெட்டுக்குக் காசு காணாட்டி கையுறையும் குதிகால் மூடின சப்பாத்தும் முதல்ல. விழும்போது கையைத்தான் ஊன்றுவோம். ஷோல் போடுறீங்க என்றா இரண்டு முனையையும் உள்ளே செருகி, மேல ஏதாவது ஜிப் போட்டது போடுங்க. ஸ்கூட்டியில செயின் வெளியில இல்லதான், ஆனா பின் சில்லு இருக்கு. சாரிக்கு ஒரு பக்கமா உட்கார்ந்து ஓட ஏலாது, அது பின்னால இருக்கிறவங்களுக்கு மட்டும்.

வெள்ளவத்தை_புதுசு:
முதல் சர்வீசுக்கு கராஜ் பாஸ்கிட்ட என்ன சொல்லணும்? "எல்லாம் பாருங்க" என்று சொன்னா போதுமா?

செயின்லூப்:
"எல்லாம் பாருங்கோ" எண்டால் ஒண்டும் பாக்க மாட்டினம். இப்பிடிக் கேளுங்கோ.

எஞ்சின் ஒயில் 10டபிள்யூ-30, கானில ஸ்கூட்டருக்குரிய ஜாசோ எம்பி (ஒயில் தரக் குறியீடு) எண்டு இருக்க வேணும். வடிச்சு மாத்தேக்க டியோவுக்குச் சுமார் 700 மில்லிதான் பிடிக்கும். ஒரு லீற்றர் கான் வாங்கிக் குடுத்தால் சிலர் முழுக்க ஊத்தி விடுவினம். கூடினால் நுரைச்சு, எயர் ஃபில்டர் பக்கம் ஏறிப் புகைக்கும். பக்கத்தில நிண்டு குச்சியில அளவு பாருங்கோ. பின் சில்லுப் பக்கத்து கியர் ஒயிலை எல்லாரும் மறப்பினம், அது சுமார் 120 மில்லி. எயர் ஃபில்டர் ஒயில் தடவின பேப்பர் வகை. காத்தடிச்சுத் துப்பரவாக்கிறதில்ல, மாத்திறது.

பின் ட்ரம் பிரேக் கம்பியடியில ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுக்கப் பிடிக்கேக்க அம்பு, கவசத்தில உள்ள அடையாளத்துக்கு வந்தால் ஷூ முடிஞ்சுது. இறுக்கி இறுக்கி ஓடாதேங்கோ. டயர் காற்று முன்னுக்கு 22 பிஎஸ்ஐ, பின்னுக்கு 29, ஆள் ஏறினால் பின்னுக்கு 36. பெற்றோல் ஷெட்டில கேக்காமல் இரண்டுக்கும் 40 அடிப்பாங்கள், நிண்டு பாருங்கோ. பெற்றோல் 92 காணும்.

கொட்டாஞ்சேனை_150:
கியர் பைக் காரர் யாராவது இதை வாசிச்சா: மேல சொன்ன எம்பி ஒயிலை ஊத்திடாதீங்க. எங்கட கிளச் ஒயிலுக்குள்ள கிடக்குது, எம்பி போட்டா வழுக்கும். எம்ஏ என்று போட்டதுதான். செயின் லூஸ் 20 முதல் 30 மி.மீ. வரை, 500 கிலோமீற்றருக்கு ஒருக்கா மண்ணெண்ணெய் பிரஷ், துடைச்சு 90 கியர் ஒயில்.

பழைய_ரைடர்:
இனி ஓட்டம். வண்டி வந்த மறுநாளே காலி வீதியில் இறங்காதீர்கள். ஞாயிறு காலை வெறிச்சோடிய ஒழுங்கை அல்லது மைதானம் ஒன்றில் இரண்டே பயிற்சி.

முதலாவது, நடக்கும் வேகத்தில் எட்டுப் போடுவது. அக்சிலேற்றரைச் சிறிது பிடித்தபடி பின் பிரேக்கை மெல்ல உரசவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். அக்சிலேற்றரை முழுக்க விட்டால் ஸ்கூட்டியின் கிளச் கழன்று வண்டி தள்ளாடும். பார்வை முன் சில்லில் இருக்கக் கூடாது, திரும்பி வரப்போகும் இடத்தில் இருக்க வேண்டும். பரீட்சைக்கும் இதுவே.

இரண்டாவது, அவசர பிரேக். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில், பிறகு 30, பிறகு 40. முன் பிரேக்கைச் சடாரென்று பிடிக்காமல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். பாரம் முன்னால் வந்த பிறகுதான் முன் டயர் பிடிக்கும், அதற்கு முன் பிடித்தால் சறுக்கும். 40 இல் ஓடும்போது, கண்டு உணர ஒரு நொடி போனால், உலர்ந்த வீதியில் நல்ல பிரேக்கோடும் நிற்க ஏறத்தாழ 20 மீற்றர். 60 இல் அது 40 மீற்றர். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்தால் முன் வாகனத்தின் வாலில் ஒட்டி ஓட மனம் வராது.

காலி வீதியில் பஸ்தான் பாடம். நிறுத்தும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் ஒருபோதும் நுழையாதீர்கள். முழுக்க நிற்குமுன்பே ஆட்கள் குதிப்பார்கள். வலப்பக்கத்தால் போகும்போதும், பஸ்ஸின் கண்ணாடியில் சாரதியின் முகம் தெரியாவிட்டால் அவருக்கு நீங்கள் இல்லை. முன்னால் த்ரீவீல் ஓடும்போது வீதி ஓரத்தில் ஒருவர் கையைத் தூக்கினால், அது சிக்னல் போடாமல் இடப்பக்கம் ஒடிக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தெஹிவளை_அக்கா:
தொடக்கத்தில மரீன் டிரைவ் சுகம், பஸ் நெரிசல் குறைவு. ஆனா காலி வீதிப் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் வந்து அதில விழும். நின்று பார்த்து வாறவங்க குறைவு. ஒவ்வொரு ஒழுங்கை வாயிலும் இரண்டு விரல் பிரேக்கில இருக்கட்டும். கடல் மணல் ரோட்டில பரவிக் கிடக்கும் இடத்தில சாய்க்காதீங்க.

கடலோர ரயில் கடவையைக் கடக்கும்போது தண்டவாளத்தை நேர் குறுக்கா வெட்டுங்க. சாய்வாப் போனா 10 அங்குலச் சில்லு பள்ளத்தில மாட்டும். மழை என்றா தண்டவாளத்தின் மேல பிரேக்கும் வேண்டாம், அக்சிலேற்றரும் வேண்டாம். பாதசாரி கடவைக் கோடு, மேன்ஹோல் மூடி எல்லாத்துக்கும் இதே கதைதான்.

ஒக்டோபர், நவம்பரில பின்னேர இடிமழை வேலை விடுற நேரம் பார்த்து வரும். முதல் பத்து நிமிஷம்தான் மோசம், ரோட்டில படிஞ்ச ஒயில் மேல மிதக்கும். ஏதாவது கடை வாசலில நின்று, நல்லாக் கழுவின பிறகு வெளிக்கிடுங்க. மழைக்கோட்டு மேலும் கீழும் இரண்டு துண்டா எடுங்க. போர்வை மாதிரித் தொங்குறது காத்துக்கு ஊதி, பின்லைட்டை மறைக்கும். தண்ணி தேங்கின இடத்தைத் தாண்டினதும் பிரேக்கை மெல்லப் பிடிச்சபடி கொஞ்ச தூரம் ஓடுங்க. ட்ரம்முக்குள்ள தண்ணி போனா முதல் பிடிப்புக்கு நிற்காது.

வெள்ளவத்தை_புதுசு:
தண்ணிக்குள்ள நின்று போச்சு என்றா?

செயின்லூப்:
செல்பை அமத்தாதேங்கோ. எயர் ஃபில்டரால தண்ணி எஞ்சினுக்குள்ள போயிருந்தால், தண்ணி அமுங்காது. கொன்ரொட் (பிஸ்ரனோட இணைஞ்ச தண்டு) வளைஞ்சால் பிறகு எஞ்சின் கதை முடிஞ்சுது. தள்ளி மேட்டுக்குக் கொண்டு வந்து, எயர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கோ. உள்ள காய்ஞ்சிருந்தால் பிளக் மூடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டு ஸ்ராட் பண்ணலாம். ஈரமெண்டால் பிளக்கைக் கழட்டி, கிக்கால தண்ணியை வெளியில அடிக்க வேணும். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில இருந்தால் மாத்தாமல் ஓடக் கூடாது. பெல்ட் பெட்டிக்குள்ள தண்ணி போயிருந்தால் பெல்ட் வழுக்கும், அடியில வடிகுழாய் மூடி இருந்தால் கழட்டி விடுங்கோ.

வெள்ளவத்தையில கடல் பக்கம் வீடெண்டால் இன்னொண்டு. உப்புக் காத்துக்கு சைலன்சரும் ஆணிகளும்தான் முதல் போகும். கிழமைக்கு ஒருக்கா வெறும் தண்ணியால கழுவி, காயவிட்டு, ஆணித் தலைகளில ஒயில் துணியால ஒரு துடைப்பு. பிளாஸ்ரிக் கவர் ஈரத்தோட போட்டு மூடி வையாதேங்கோ, துருவை நீங்களே வளர்க்கிற மாதிரி.

வெள்ளவத்தை_புதுசு:
சனிக்கிழமை பேப்பர் பார்க்க பழைய_ரைடர் அண்ணா சொன்னதையும், வண்டி பார்க்க செயின்லூப் அண்ணா சொன்னதையும் பிரிண்ட் எடுத்திட்டேன். சீஆரில வேற ஆளின் பேர் இருக்கு, "அக்காட வண்டி" என்று விற்கிறவர் சொல்றார்.

பழைய_ரைடர்:
அப்படியென்றால் அக்காவை அடையாள அட்டையோடு வரச் சொல்லுங்கள். அவர் முன்னால் இருந்து கையெழுத்திட்டால் வாங்குங்கள். வர முடியாது என்றால் அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.